மைதான வாசலில் மாட்டிறைச்சி விலை

வணக்கம் சார்,

நாங்கள் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் இருக்கிறோம். கணவருக்கு ஒமஹாவில் ஐ.டி. வேலை, எச்-1பி விசா. நான் இங்கே ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன்.

இந்த ஊரில் பல்கலைக்கழக ஃபுட்பால் அணிதான் எல்லாம். நம் ஊர்க் கால்பந்து இல்லை சார். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்களே, அது. ஆட்டம் உள்ள சனிக்கிழமை ஊரே சிவப்புச் சட்டையில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். போன நவம்பரில், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் பக்கத்து மாநிலமான ஐயோவாவின் அணியுடன் நடந்த ஆட்டத்துக்குப் போனோம். டிக்கெட் இல்லை, மைதானத்துக்கு வெளியே நடக்கும் டெயில்கேட்டுக்கு மட்டும். பார்க்கிங்கில் பிக்கப் டிரக்கின் பின்கதவை இறக்கிவிட்டு, கிரில் பற்ற வைத்து, குளிரில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு பேசுகிறார்கள்.

ஆட்டத்தைப் பற்றிப் பேசியது கொஞ்ச நேரம்தான். அரைத்த மாட்டிறைச்சி பவுண்டு ஆறு டாலரைத் தாண்டிவிட்டது, ஆலங்கட்டி மழைக்குப் பிறகு வீட்டு இன்ஷூரன்ஸ் எங்கேயோ போய்விட்டது, ப்ராபர்டி டாக்ஸ், மகளின் ஸ்டூடன்ட் லோன், இதுதான் பேச்சு. ஒருவர், லெக்சிங்டன் ஊரில் இறைச்சி ஆலையை மூடப் போகிறார்கள், என் அக்கா அங்கேதான் வேலை பார்க்கிறாள் என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் மாடு வளர்க்கிற ஒருவர், "எனக்கு இந்த வருஷம் கிடைத்த விலை என் அப்பா காலத்தில்கூடக் கிடைத்ததில்லை" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை சார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்.

என்னிடமும் ஒரு அம்மா, "உங்களுக்கு எப்படிப் போகிறது?" என்று கேட்டார். "எல்லாம் நன்றாகப் போகிறது" என்று சொல்லிவிட்டேன். விசாக் கவலை வாய் வரை வந்து நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திரும்பி வரும்போது கணவர், "இது நம்ம ஊர் டீக்கடைப் பேச்சுதான். எகனாமிக்ஸ் தெரியாதவர்களின் புலம்பல்" என்றார். அப்படித்தானா? ஆட்டம் பார்க்க வந்தவர்கள் ஏன் இதையெல்லாம் பேச வேண்டும்?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதை நான் முழுக்க மறுக்கிறேன். உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

அந்த கிரில்லைச் சுற்றி மூன்று பேர் நின்றிருக்கிறார்கள். ஒருவர் இறைச்சியை இதுவரை இல்லாத விலைக்கு வாங்கியவர். ஒருவர் மாட்டை இதுவரை இல்லாத விலைக்கு விற்றவர். இன்னொருவரின் அக்காவுக்கு வேலை போகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அமெரிக்காவில் மாடு குறைந்துவிட்டது. 2025 ஜனவரி 1 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 8.67 கோடி மாடுகள். 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைவாக இருந்ததே இல்லை. பல வருஷம் வறட்சி. மேய்ச்சல் நிலம் காய்ந்தது, தீவனம் விலை ஏறியது, கட்டுப்படியாகாமல் பசுக்களை விற்றார்கள். பசுவை விற்கிறவர் அடுத்த வருஷத்துக் கன்றையும் சேர்த்தே விற்கிறார். அதனால் மழை பெய்ததும் மந்தை பெருகிவிடாது. ஒரு கிடாரியைக் கறிக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, அது சினைப்பட்டு, ஈன்று, அந்தக் கன்று வளர்ந்து கடைக்கு வந்து சேர மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். விலை உச்சியில் நிற்கும்போது கிடாரியை விற்காமல் வைத்துக்கொள்ள மனசு வர வேண்டும், கடன் கொடுத்த வங்கியும் பொறுக்க வேண்டும். போதாததற்கு, ஸ்க்ரூவர்ம் என்ற புழுத் தாக்குதல் பரவிவிடும் என்ற பயத்தில் மெக்சிகோவிலிருந்து வந்துகொண்டிருந்த கன்றுகளையும் 2025இல் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டது ஆலை. ஆட்களும் இயந்திரமும் தயாராக இருக்கின்றன, மாடு போதவில்லை. கிடைக்கிற மாட்டை எல்லாரும் போட்டி போட்டு வாங்குவதால் அதிலும் நஷ்டம். கடைசியில் 2025 நவம்பர் 21ஆம் தேதி, நீங்கள் போன ஆட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, டைசன் நிறுவனம் லெக்சிங்டன் ஆலையை ஜனவரியில் மூடுவதாக அறிவித்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 3,200 பேர். ஊரின் மக்கள்தொகையே சுமார் 11,000தான். அந்த ஊரில் பள்ளிக்கூடம், மளிகைக் கடை, வீட்டு வாடகை எல்லாமே அந்த ஆலைச் சம்பளத்தை நம்பி இருந்தவை.

மாடு வளர்ப்பவருக்கு இது முழுக்கத் தெரியும். தன் கைக்கு வந்த நல்ல விலையும் எதிரே நிற்பவரின் அக்காவுக்கு வந்த கஷ்டமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று தெரிந்ததால்தான் அவர் குரல் அப்படி இறங்கியது. வாங்குபவர், விற்பவர், உழைப்பவர் என்று மூன்று பக்கமும் முகம் பார்த்துப் பேசிய பேச்சைப் புலம்பல் என்று தள்ள முடியாது. பங்குச் சந்தையை நாள் முழுக்க அலசுகிறவர்கள் பலருக்கு இந்தத் தொடர்பு தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கு அது எண்தான். யாருடைய அக்காவும் அதில் இல்லை.

டீக்கடை என்று உங்கள் கணவர் சொன்னதும் பாதிதான் பொருந்தும். டீக்கடைக்கு வருகிறவர்கள் ஒரே தெரு, தினமும் பார்க்கிற முகம். லிங்கனுக்கு அப்படி வருவதில்லை. மாநிலத்தின் மேற்கு முனையிலிருந்து மைதானத்துக்கு ஏறத்தாழ 400 மைல். விடியும் முன்பே கிளம்பி வருகிறார்கள். நெப்ராஸ்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சம். மாடுகள் அதைப் போல மூன்று மடங்கு. மாநிலத்தில் தொழில்முறை ஃபுட்பாலுக்கான என்.எஃப்.எல். அணி இல்லை, கூடைப்பந்துக்கான என்.பி.ஏ. அணி இல்லை. பல்கலைக்கழக அணி ஒன்றுதான். 1923இல் திறந்த மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000க்கு மேற்பட்டவர்கள் உட்காரலாம். ஆட்டம் நடக்கும் சில மணி நேரத்துக்கு ஒமஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த மைதானம்தான். 1962 நவம்பர் 3 முதல் அங்கே நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுக்க விற்றுப்போயிருக்கிறது. 400 ஆட்டங்களைத் தாண்டிவிட்டது. அணி மோசமாக ஆடிய வருஷங்களில் வசதியுள்ளவர்கள் மிச்ச டிக்கெட்டை வாங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து அந்தக் கணக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நான் ஒரு இலையுதிர் காலத்தில் ஒமஹாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். அந்தப் பருவத்தில்தான் சோயாவும் மக்காச்சோளமும் அறுவடை. ஃபுட்பால் சீசனும் அப்போதுதான். சனிக்கிழமை மதியம் லிங்கன் பக்கம் காரில் போனபோது நெடுஞ்சாலையில் சிவப்புக் கொடி கட்டிய வண்டிகள், இரண்டு பக்க வயலிலும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கம்பைன் என்னும் அறுவடை இயந்திரங்கள். வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ஒரு பெரியவரிடம், நீங்கள் ஆட்டத்துக்குப் போகவில்லையா என்று கேட்டேன். கையில் பெரிய காபிக் கோப்பை, சட்டையெல்லாம் சோயாத் தூசி. "திங்கட்கிழமை மழை என்கிறார்கள். என் டிக்கெட்டில் மகள் போயிருக்கிறாள். கம்பைனில் ரேடியோ இருக்கிறது" என்றார். சொல்லிவிட்டு, அன்றைய சோயா விலை என்ன என்று எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. ஆட்டத்தின் ஸ்கோரையும் சோயாவின் விலையையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அந்த விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2018 ஜூலையில் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீத வரி போட்டது. அந்த வருஷ அறுவடை அந்த அடியோடுதான் களத்துக்கு வந்தது. 2025இல் புது அறுவடை தொடங்கியபோதும் சீனாவிலிருந்து ஆர்டர் வராமல் விவசாயிகள் தவித்தார்கள். பெய்ஜிங்கிலும் வாஷிங்டனிலும் எடுக்கும் முடிவு தன் வீட்டுக் கொட்டகையில் எவ்வளவு சோயா தேங்கி நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும்போது, அதைப் பேசாமல் ஒரு மனிதர் எப்படி ஆட்டத்தை மட்டும் பேசுவார்?

ஏன் அங்கே வந்து பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் சம்பளம் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு. நம்மிடம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கூடக் கேட்டுவிடுவார், அங்கே கூடப் பிறந்தவர்களே கேட்க மாட்டார்கள். கடன் எவ்வளவு, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதும் அப்படித்தான். ஆனால் விலையைப் பற்றிப் பேசலாம். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. எனவே தன் நிலைமையை விலையின் பேரில் சொல்கிறார்கள். இன்ஷூரன்ஸ் ஏறிவிட்டது என்கிறவர் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்கிறார். ஸ்டூடன்ட் லோனைப் பற்றிப் பேசுகிறவர் என் மகள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள் என்கிறார். கேட்கிறவர்களுக்கும் அது புரிகிறது.

அதோடு, அங்கே எல்லாரும் ஒரே சிவப்புச் சட்டை. கடன் கொடுத்த வங்கிக் கிளை மேலாளரும் கடன் வாங்கியவரும் ஒரே மேஜையில் சில்லி கிண்ணத்தோடு நிற்கலாம். சர்ச்சில் நிற்பதைவிட, அலுவலகத்தில் நிற்பதைவிட இந்த நிற்பு வேறு. யாரும் யாரையும் அனுப்பி வைத்ததில்லை, யாருக்கும் யாரிடமும் அன்றைக்கு வேலை இல்லை. கட்சிப் பெயரை எடுக்காமல் மாட்டு விலையையும் வரியையும் மணிக்கணக்கில் பேசுவதை நான் அங்கே நேரில் கேட்டிருக்கிறேன். எடுத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது உங்கள் விஷயம். நீங்கள் ஏன் "நன்றாகப் போகிறது" என்று சொன்னீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. விருந்தாளியாகப் போன இடத்தில் நம் குறையைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதிலும், வேலை போகிற ஒருவரின் தம்பி எதிரே நிற்கும்போது ஐ.டி. சம்பளத்துக்காரர்கள் கவலையைச் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கமும் இருந்திருக்கும். ஆனாலும் சொல்லியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். 2025 செப்டம்பர் 19 அன்று புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை என்ற விளக்கம் வருவதற்குள், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர்கள் கிடைத்த விமானத்தைப் பிடிக்க ஓடினார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், அதற்குள் வேறு வேலையோ வேறு விசாவோ கிடைக்காவிட்டால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கிளம்ப வேண்டும் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

லெக்சிங்டன் ஆலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள், அவர்களின் பிள்ளைகள். வீடு வாங்கி, கடை வைத்து, ஊரை எழுப்பியவர்கள். அவர்களுக்காக அந்தக் கூட்டம் மௌனமாக நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்காகவும் நிற்கும். கேட்ட அந்த அம்மா மேலுக்குக் கேட்கவில்லை. அத்தனை பேர் தங்கள் கணக்கைச் சொன்ன பிறகு, உங்கள் கணக்கையும் சொல்ல இடம் கொடுத்தார். அவரை இன்னொரு முறை பார்த்தால் சொல்லிவிடுங்கள், அதற்கு அடுத்த ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த மைதானத்துக்கும் மக்களின் கடனுக்கும் உள்ள உறவு பழையது. 1970களில் உலகம் முழுக்கத் தானியத்துக்குக் கிராக்கி. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது, வங்கிகள் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. அப்புறம் எல்லாம் ஒன்றாகத் திரும்பியது. 1980 ஜனவரியில் சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்கத் தடை. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை 20 சதவீதம் வரை கொண்டுபோனது. நெப்ராஸ்காவில் நிலத்தின் விலை சில வருஷங்களில் ஏறத்தாழ பாதியானது. நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன் நிலத்தைவிடப் பெரிதாகிவிட்டது. தாத்தா காலத்துப் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. லெக்சிங்டனில் அப்போது இருந்தது அறுவடை இயந்திரம் செய்யும் தொழிற்சாலை. விவசாயி இயந்திரம் வாங்க முடியாமல் போனதும் அதுவும் மூடியது. காலியான அந்த இடத்தில்தான் 1990இல் இறைச்சி ஆலை வந்தது. ஒரே ஊர், ஒரே இடம், இப்போது இரண்டாம் முறை.

அந்த நெருக்கடியின்போது, 1987 செப்டம்பரில், கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காக வில்லி நெல்சன் முதலிய பாடகர்கள் நடத்திய ஃபார்ம் எய்ட் நிகழ்ச்சி லிங்கனில் நடந்தது. எங்கே தெரியுமா? அதே மெமோரியல் ஸ்டேடியத்தில். உங்களோடு நின்றவர்களில் தலை நரைத்த சிலர் அன்றைக்கும் அங்கே இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

இந்த மக்கள் அணியின் மேல் வைத்திருக்கும் அன்பு கண்மூடித்தனம் என்றும் நினைத்துவிட வேண்டாம். டாம் ஆஸ்பர்ன் 1973 முதல் 1997 வரை 25 சீசன் கோச்சாக இருந்தவர். 1994, 1995, 1997 என்று மூன்று தேசியப் பட்டங்கள். ஓய்வு பெற்ற பிறகு அவரைக் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அனுப்பினார்கள். 2006இல் அவர் கவர்னர் பதவிக்கு நின்றபோது, சொந்தக் கட்சியின் முதல்கட்டத் தேர்தலிலேயே தோற்கடித்தார்கள். அவரை வணங்கிய அதே மக்கள்தான்.

சரி, ஆட்டத்தின் பணத்துக்கு வருகிறேன். இன்றைக்கு அங்கே அணியைப் பற்றிப் பேசுவதும் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவதும் ஒரே பேச்சாகிவிட்டது. என் பதிலில் நீங்கள் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நூறு வருஷத்துக்கும் மேலாகக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஸ்காலர்ஷிப் உண்டு, அவ்வளவுதான். அவர்கள் ஆடிய ஆட்டத்தை வைத்துத் தொலைக்காட்சி உரிமை, டிக்கெட், சட்டை விற்பனை என்று கோடிக்கணக்கில் பணம் வந்தது. கோச்சுகள் பல மாநிலங்களில் கவர்னரைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதம் ஜூலையிலிருந்து அவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில், கல்லூரி ஆட்டக்காரர்கள் தொடர்ந்த ஹவுஸ் வழக்கு என்பதன் சமரசம்: பழைய ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் நிலுவை, இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நேரடியாகவே ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம், 2025-26 வருஷத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

இது நியாயம். எனக்கு இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. உடம்பை முறித்து ஆடியவனுக்கு ஒன்றுமில்லை, ஓரத்தில் நின்று கத்தியவருக்குப் பல லட்சம் என்பது வெகுநாள் நீடித்த அநியாயம். நெப்ராஸ்காவிலேயே பாருங்கள். 1997 பட்டம் வென்ற அணியில் ஆடிய உள்ளூர்ப் பையன் ஸ்காட் ஃப்ராஸ்ட், பின்னாளில் கோச்சாக வந்து, தோற்றுக்கொண்டே இருந்தார். 2022 செப்டம்பரில் அவரை அனுப்பியபோது மிச்ச ஒப்பந்தத்துக்காக ஏறத்தாழ 1.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அக்டோபர் 1 வரை காத்திருந்தால் அதில் பாதிதான் ஆகியிருக்கும். மூன்று வாரம் பொறுக்க முடியாமல் அவ்வளவு பணம். வேலையை ஒழுங்காகச் செய்யாததற்கு இவ்வளவு பணம் எந்த ஊரில் கொடுப்பார்கள் என்று ஒரு ஆலைத் தொழிலாளி கேட்டால் அவருக்கு என்ன பதில்? லெக்சிங்டனில் வேலை போனவர்களுக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை.

ஆனால் ரசிகர்களின் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. நெப்ராஸ்கா அணிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. வாக்-ஆன் என்பார்கள். ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, அணியில் சேர்ந்து உழைத்து இடம் பிடிப்பவர்கள். ஸ்காலர்ஷிப் 85 பேருக்குத்தான், ஆனால் அணியில் எத்தனை பேரையும் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நானூறு ஐந்நூறு பேர் வாழும் ஊரின் பண்ணைப் பிள்ளைகள் வந்து, நான்கு வருஷம் பயிற்சியில் அடிபட்டு, கடைசி வருஷம் களத்தில் இறங்குவார்கள். அந்தப் பையனின் ஊரே அன்றைக்கு லிங்கனில் இருக்கும். ஹவுஸ் சமரசத்தில் அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு வரம்பிலிருந்து விலக்கு தரலாம் என்று நீதிபதியின் வற்புறுத்தலால் பின்னர் சேர்த்தார்கள். அது இருக்கிறவர்களுக்கு. இனிமேல் வரப்போகிற பண்ணைப் பையனுக்கு வாசல் குறுகிவிட்டது. இன்னொரு பக்கம், அணி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஆட்டக்காரர்கள் அதிகம் கொடுக்கும் அணிக்கு வருஷா வருஷம் மாறுகிறார்கள். மாறுவது அவர்கள் உரிமை. கோச்சுகள் எப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆலை போனது, கிளை வங்கி போனது, பிள்ளைகள் டென்வருக்கும் கான்சாஸ் சிட்டிக்கும் போனார்கள். எது போனாலும் சனிக்கிழமை இருக்கிறது என்று இருந்தவர்களிடம், இப்போது சனிக்கிழமையும் அதே கணக்குக்குள் போய்விட்டது என்கிறது நிலைமை. முதல் புள்ளி எடுத்ததும் சிவப்பு பலூன்களைப் பறக்கவிடுவது பல பத்தாண்டு வழக்கம். 2022இல் அதை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க ஹீலியம் தட்டுப்பாடு, மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரங்களுக்கு அது வேண்டும். சரியான முடிவுதான். ஆனால் கைப்பிள்ளையோடு மைதானத்துக்கு வந்து பலூன் விட்ட ஒருவர், உலகச் சந்தை தன் பிள்ளையின் கைக்கயிறு வரை வந்துவிட்டது என்று நினைத்தால் அது தப்பில்லை.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது டிக்கெட்தான். பெரிய அணிகள் பலவற்றில் நல்ல இருக்கைக்கு சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் முதலில் பல்கலைக்கழக விளையாட்டு நிதிக்கு நன்கொடை கொடுக்க வேண்டும். டிக்கெட் விலை அதற்கு மேல் தனி. அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வரி விலக்கே இருந்தது. 2017 வரிச் சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைத் தீர்மானிப்பது தொலைக்காட்சிக்காரர்கள். பல ஆட்டங்களுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்புதான் நேரம் தெரியும். 2022இல், நெப்ராஸ்கா ஆடும் பிக் டென் என்ற கூட்டமைப்பு போட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். அவ்வளவு பணம் கொடுக்கிறவர்கள் நேரத்தையும் கேட்கத்தான் செய்வார்கள். 400 மைல் தாண்டி இருக்கிறவர், இரவு ஆட்டம் என்றால் ஹோட்டல் அறை பிடிக்க வேண்டும். ஆட்ட நாளில் அறை வாடகை என்ன என்று லிங்கனில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியே போனால் அந்த கிரில்லைச் சுற்றி மாடு வளர்ப்பவர் நிற்பார், வங்கி மேலாளர் நிற்பார், அக்காவுக்கு வேலை போனவர் நிற்க மாட்டார். அவர் இல்லாத இடத்தில் மாட்டு விலையைப் பற்றி நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். இது மாநிலத்து மக்களின் வரிப் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகம். நன்கொடை நிபந்தனை இல்லாமல், குலுக்கல் முறையில், ஒரு நாள் கூலிக்குள் அடங்கும் விலையில் சில ஆயிரம் இருக்கைகளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது ஒதுக்க வேண்டும், அதிலும் முதல் உரிமை தூரத்து மாவட்டங்களுக்குக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தை நடத்தும் ரீஜென்ட்கள் அங்கே மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர்கள். உங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இருக்கிறது. கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.